டீலருக்கு 22 வந்தா எனக்கு ஏன் வயிறு எரியுது

ரெண்டு நாள் நான் கோடீஸ்வரனா இருந்தேன். மனசுக்குள்ளதான்.

பிளாக்ஜாக்னா கேசினோல டீலரோட மோதி, 21 தாண்டாம அதுக்குக் கிட்ட போகப் பாக்குற சீட்டாட்டம். அதுல ஸ்பானிஷ் 21ன்னு ஒரு வகை இருக்கு. அதுக்கு ஒரு சிமுலேஷன் ப்ரோக்ராம் எழுதி ராத்திரி ஓடவிட்டுட்டு தூங்கிட்டேன், காலைல எழுந்து பாத்தா சீட்டு எண்ணாம, பந்தயத்த ஏத்தாம இறக்காம, சும்மா ஒழுங்கா ஆடினாலே ஆடுறவன் பக்கம் ஒரு சதவீதத்துக்கு மேல லாபம்னு ஸ்கிரீன்ல நிக்குது. எத்தனை வருஷமா எத்தனை கணக்கு வாத்தியாருங்க அலசிப் போட்ட ஆட்டம், அவங்க யார் கண்ணுலயும் படாதது என் கண்ணுல பட்டுடுச்சுன்னு ரெண்டு நாள் மிதந்தேன். ரெண்டாவது நாள் ராத்திரிதான் உறைச்சுது, சீட்டுக்கட்டு உருவாக்குற வரில பத்துகள எடுக்கவே இல்ல நான். அந்த ஆட்டத்தோட உயிரே கட்டுக்கு நாலு பத்து இல்லாததுலதான் இருக்கு. அதாவது கேசினோ குடுக்குற சலுகை அத்தனையும் வாங்கிக்கிட்டு, அதுக்கான விலைய மட்டும் குடுக்காம ஆடியிருக்கேன். அப்படி ஆடினா யாருக்குத்தான் லாபம் வராது.

இந்த வேலைல நான் இறங்குனதுக்குக் காரணம் என் ஃப்ரெண்டு ஒருத்தன். ஹை-லோன்னு, போன சீட்ட வெச்சு மிச்ச கட்ட கணிக்கிற எண்ற முறைய உக்காந்து பழகி, ஒரு கட்ட முப்பது செகண்டுல எண்ணி முடிக்கிற அளவுக்கு வந்துட்டான். வந்தப்புறம் கேக்குறான், "மச்சான், நான் போற இடத்துல சாதா பிளாக்ஜாக்கே கிடைக்க மாட்டேங்குது, எல்லாமே ஏதோ ஒரு பேர் வெச்ச புது ஆட்டம், ஒண்ணுல டீலரோட ரெண்டு சீட்டும் தெரியுது, ஒண்ணுல என் சீட்ட நானே மாத்திக்கலாம்ங்குறான், இதுலல்லாம் எண்ணினா ஜெயிக்கலாமா?" நல்ல கேள்வி. அப்போ "தெரியலடா, பாத்து சொல்றேன்"ன்னு சொன்னவன் ரெண்டு மாசமா இதுலயே கிடக்கேன்.

முதல்ல சாதா ஆட்டத்துல எண்றது ஏன் வேலை செய்யுதுங்கறத சரியா புரிஞ்சுக்கணும், அது புரியலன்னா வினோத ஆட்டம் எதுவும் புரியாது. 1962ல எட்வர்ட் தார்ப்ங்கற கணக்கு வாத்தியார் சீட்டு எண்றத பத்தி புத்தகம் போட்டப்போ அவர் சொன்னதோட சாரம் இவ்ளோதான்: பிளாக்ஜாக்ல போன சீட்டு திரும்பி வராது, அதனால மிச்சம் இருக்குற கட்டு சில நேரம் நமக்கு சாதகமா மாறும். அவர் இதுக்கு ஐபிஎம் 704 கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டார். மறுவருஷம் ஹார்வி டப்னர் கொண்டுவந்ததுதான் இப்ப எல்லாரும் பழகுற ஹை-லோ, 2லேர்ந்து 6 வரைக்கும் போனா ஒண்ணு கூட்டு, பத்து, படம், ஏஸ் போனா ஒண்ணு கழி, 7 8 9 வந்தா கண்டுக்காத. வர்ற கூட்டுத்தொகைதான் ரன்னிங் கவுண்ட், அத மிச்சம் இருக்குற கட்டு எண்ணிக்கையால வகுத்தா ட்ரூ கவுண்ட். ட்ரூ கவுண்ட் ஒண்ணு ஏறினா நம்ம பக்கம் சுமார் அரை சதவீதம் சாயும்.

ஒரே கட்டு வெச்சு ஆடுற ஆட்டத்துல ஒரு 5 வெளிய போனா நமக்கு ஏறத்தாழ 0.7 சதவீதம் நல்லது, ஒரு ஏஸ் வெளிய போனா ஏறத்தாழ 0.6 கெட்டது, ஒரு பத்து போனா 0.5 கெட்டது. 8 போனா ஒண்ணும் ஆகாது, பாவம் அது.

சரி, பெரிய சீட்டு நிறைய இருந்தா நமக்கு ஏன் நல்லது? டீலருக்கும் அதே கட்டுலேர்ந்துதானே சீட்டு வருது? இங்கதான் விஷயமே. லாபம் நாலு வாய்க்கால் வழியா வருது. ஒண்ணு, பிளாக்ஜாக், அதாவது முதல் ரெண்டு சீட்டே ஏஸும் பத்தும்னு வந்து 21 ஆகுறது (படத்துக்கும் பத்துதான் மதிப்பு). டீலருக்கும் எனக்கும் ஒரே அளவுலதான் விழும், ஆனா அவருக்கு விழுந்தா என் ஒரு பங்கு போகும், எனக்கு விழுந்தா ஒண்ணரை பங்கு வரும், அந்த அரைப்பங்கு வித்தியாசம்தான் லாபம். ரெண்டாவது, டீலர் 12லேர்ந்து 16 வரைக்கும் கட்டாயம் சீட்டு எடுத்தே ஆகணும், பெரிய சீட்டு நிறைய இருந்தா 21 தாண்டி வெடிப்பார், நான் அதே 13ல கைய கட்டிக்கிட்டு உக்காந்துக்கலாம். மூணாவது டபுள், ஸ்ப்ளிட், அதாவது 11 வெச்சுக்கிட்டு பத்து வரும்னு தெம்பா பந்தயத்த ரெட்டிப்பாக்குறதும், ஜோடி சீட்ட ரெண்டு கையா பிரிக்கிறதும். நாலாவது இன்சூரன்ஸ், டீலர் ஏஸ் காட்டும்போது அவரோட மறைச்ச சீட்டு பத்துன்னு கட்டுற தனி பந்தயம், ட்ரூ கவுண்ட் மூணு தாண்டினா அது நல்ல பந்தயமாவே மாறிடும்.

வினோத ஆட்டம் எது வந்தாலும் நான் இப்ப கேக்குற கேள்வி ஒண்ணுதான், இந்த நாலுல எந்த வாய்க்கால அடைச்சிருக்காங்க? ஹவுஸ் எட்ஜ், அதாவது கேசினோவுக்கு சராசரியா நிக்கிற லாப சதவீதம், எவ்ளோன்னு எல்லாரும் முதல்ல கேப்பாங்க, நானும் அப்படித்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன், அது தப்பான முதல் கேள்வி. ஹவுஸ் எட்ஜ்ங்கறது தண்ணி இப்ப எந்த மட்டத்துல நிக்குதுங்கறது. எண்றவனுக்கு வேண்டியது அந்த மட்டம் எவ்ளோ ஏறி இறங்குதுங்கறது. ரெண்டும் வேற வேற. எட்ஜ் ரொம்ப கம்மியா இருந்தும் எண்ணி பிரயோஜனம் இல்லாத ஆட்டம் இருக்கு, பத்தே இல்லையேன்னு எல்லாரும் ஒதுக்குற ஆட்டத்துல எண்ணவும் முடியும்.

அந்த ரெண்டாவதுதான் ஸ்பானிஷ் 21. 48 சீட்டு கட்டு, 10ன்னு நம்பர் போட்ட நாலு சீட்டும் கிடையாது, ஜாக் ராணி ராஜா அப்படியே இருக்கும். ஒரு பத்துக்கு 0.5ன்னு மேல சொன்னேன்ல, நாலு போனா ரெண்டு சதவீதம் காலி, கணக்கு நேராவே வருது. அந்த ரெண்டு சதவீதத்த வாங்கிக்கிட்டு பதிலுக்கு என்ன தர்றாங்கன்னா, நம்ம 21 எப்பவுமே ஜெயிக்கும், டீலருக்கும் 21 வந்தாலும் சரி, நம்ம பிளாக்ஜாக் டீலர் பிளாக்ஜாக்கையே அடிக்கும், எத்தனை சீட்டு எடுத்தப்புறமும் டபுள் பண்ணலாம், சரண்டர் உண்டு, அதாவது பாதி பந்தயத்த விட்டுட்டு கைய கைவிடலாம், அஞ்சு சீட்டுல 21 கட்டினா 3க்கு 2, ஆறு சீட்டுன்னா 2க்கு 1, 6-7-8ம் 7-7-7ம் வந்தா தனி போனஸ். எல்லாம் கூட்டிக் கழிச்சா, டீலர் சாஃப்ட் 17ல, அதாவது ஏஸ 11ஆ வெச்சு வர்ற 17ல, சீட்டு எடுக்காம நின்னா ஹவுஸ் எட்ஜ் சுமார் 0.4, சாஃப்ட் 17லயும் எடுத்தா சுமார் 0.8. சாதா ஆட்டத்துக்கு சளைச்சதில்ல.

வாய்க்காலப் பாருங்க. பிளாக்ஜாக் 3க்கு 2 அப்படியே இருக்கு, சொல்லப்போனா டீலர் பிளாக்ஜாக்கையும் அடிக்கிறதால இன்னும் அகலம். டீலர் வெடிச்சா வெடிச்சதுதான். டபுள் முன்னவிட தாராளம். அடைஞ்சு போனது இன்சூரன்ஸ் மட்டும்தான், 48ல பத்து மதிப்புள்ள படச்சீட்டு 12ன்னா நாலுல ஒரு பங்கு, இன்சூரன்ஸ் கட்டுபடியாகணும்னா மூணுல ஒரு பங்கு வேணும், அவ்ளோ தூரம் கவுண்ட் ஏறுறது அபூர்வம். போனஸ் மட்டும் எதிர்த்திசைல இழுக்கும், ஏன்னா அஞ்சு சீட்டு 21ம் 7-7-7ம் சின்ன சீட்டு வந்தாதான் நடக்கும், கவுண்ட் ஏறும்போது அது வத்தும். ஆனா அது சின்ன ஓடை. மொத்தத்துல எண்ணலாம், எண்ணினா வேலை செய்யும். கேத்தரினா வாக்கர்ங்கறவங்க இந்த ஆட்டத்துக்கும் இதோட ஆஸ்திரேலிய உறவான பான்டூனுக்கும்னே தனியா ஒரு புத்தகம் போட்டிருக்காங்க.

ஆனா பழைய ஹை-லோவ அப்படியே தூக்கிட்டுப் போனா அடி வாங்குவீங்க, இது என் ப்ரோக்ராமோட ரெண்டாவது சொதப்பல். சாதா கட்டுல சின்ன சீட்டு 20, பெரிய சீட்டு 20, எண்ணி முடிச்சா பூஜ்ஜியம். ஸ்பானிஷ் கட்டுல சின்னது 20, பெரியது 16. ஒவ்வொரு கட்டு முடியும்போதும் கவுண்ட் தானா நாலு ஏறிடும், ஒண்ணுமே நடக்காம. ஆறு கட்டு சேத்து வெச்ச ஷூங்கற பெட்டில மூணு கட்டு போயிருக்குன்னு வைங்க, சராசரியா ரன்னிங் கவுண்ட் 12 காட்டும், மிச்சம் மூணு கட்டு, வகுத்தா ட்ரூ கவுண்ட் 4. ஆகா வந்துடுச்சுடா நேரம்னு பெரிய பந்தயம் போடுவோம், நிஜத்துல கட்டு எப்படி ஆரம்பிச்சுதோ அப்படியேதான் இருக்கு. ஷூவோட கடைசிப் பகுதி முழுக்க தப்பான தெம்புல பணத்த கொட்டுவோம். அதனால ஆறு கட்டுக்கு கழித்தல் 24லேர்ந்து எண்ண ஆரம்பிக்கணும். அப்போ சராசரி ட்ரூ கவுண்ட் எப்பவும் கழித்தல் 4லயே நிக்கும், அதுதான் இந்த ஆட்டத்தோட தரைமட்டம், அங்கேந்து எவ்ளோ ஏறுதுன்னு பாக்கணும். இது புரிய எனக்கு ஒரு முழு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

ஃப்ரெண்டு குறிப்பா கேட்டது ஸ்விட்ச் பத்தி. பிளாக்ஜாக் ஸ்விட்ச், ஜெஃப் ஹால் உருவாக்குனது. ஒரே அளவு பந்தயம் ரெண்டு கைக்கு வைக்கணும், ரெண்டு கைக்கும் ரெண்டாவதா வந்த சீட்ட ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கலாம். ஒரு கைல 10, 5, இன்னொண்ணுல 6, 10. ரெண்டுமே அழுகின கை, 15ம் 16ம். மாத்தினா 10, 10 ஒரு பக்கம், 6, 5 இன்னொரு பக்கம், 20ம் 11ம். முதல் தடவை பாக்குறப்போ இது எப்படி கேசினோவுக்கு கட்டுபடியாகுதுன்னுதான் தோணும். விலை ரெண்டு: பிளாக்ஜாக்குக்கு சமபணம்தான், அப்புறம் டீலர் 22ல வெடிச்சா அது வெடிச்ச கணக்குல வராது, புஷ், நம்ம பிளாக்ஜாக்க தவிர மத்த கையெல்லாம் காசு திரும்பி வரும், அவ்ளோதான். ஒழுங்கா ஆடினா ஹவுஸ் எட்ஜ் சுமார் 0.6. அட, நல்லா இருக்கேன்னு தோணுமா? எனக்கும் தோணுச்சு.

இப்ப வாய்க்கால பாப்போம். பிளாக்ஜாக் சமபணம்னா அந்த அரைப்பங்கு வித்தியாசம் போச்சு, முதல் வாய்க்கால் சுத்தமா அடைப்பு. ரெண்டாவதுதான் கொடுமை. சாதாவா டீலர் நூத்துக்கு 28 தடவை வெடிப்பார், அதுல 22 மட்டும் நூத்துக்கு ஏழு தடவைக்கு மேல வரும், அதாவது வெடிப்புல நாலுல ஒரு பங்கு. சரி, அது சராசரி. கவுண்ட் ஏறும்போது என்ன ஆகும்? பத்து நிறைய மிச்சம் இருக்கு. டீலர் 2 காட்டுறார், மறைச்ச சீட்டு பத்து, மொத்தம் 12, அடுத்தது பத்து, 22. டமால்னு வெடிக்க வேண்டிய இடத்துல புஸ்ஸுன்னு போயிடும். 12 மேல பத்து விழுந்தா எப்பவும் 22தான், பத்து எவ்ளோ ஜாஸ்தியோ அவ்ளோ 22 ஜாஸ்தி. நான் பெரிய பந்தயம் போட்டு காத்திருக்குற அந்த நேரத்துலதான் இந்த விதி நல்லா கடிக்குது. யார் யோசிச்சு வெச்சாங்களோ, எண்றவனுக்குன்னே அளவெடுத்து தச்ச மாதிரி இருக்கு. நிஜத்துல அதுக்காக வெச்சிருக்க மாட்டாங்க, ஸ்விட்ச் சலுகைக்கு ஈடுகட்ட ஏதோ ஒண்ணு தேவைப்பட்டுருக்கும், ஆனா வயித்தெரிச்சல் என்னமோ ஒண்ணுதான்.

அதே ஜெஃப் ஹாலோட ஃப்ரீ பெட் பிளாக்ஜாக்லயும் இந்த 22 விதி உண்டு. 9, 10, 11க்கு டபுள் பண்ற காசு கேசினோ போடும், பத்து ஜோடி தவிர மத்த ஜோடிய பிரிக்கிற காசும் கேசினோ போடும், பிளாக்ஜாக்குக்கு 3க்கு 2 உண்டு. ஆடுறதுக்கு ஜாலியா இருக்கும். ஹவுஸ் எட்ஜ் சுமார் ஒரு சதவீதம், மேல 22. எண்றதுக்காக இந்த டேபிள்ல உக்கார மாட்டேன்.

ரெண்டு சீட்டும் தெரியுற ஆட்டம் டபுள் எக்ஸ்போஷர். 1979ல பாப் ஸ்டூபக் லாஸ் வேகாஸ்ல அவரோட வேகாஸ் வேர்ல்டு கேசினோல கொண்டுவந்தது, இதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது, எண்ணி ஜெயிக்கலாம்ங்கறதுக்காக இல்ல, இது பிளாக்ஜாக் மூளைய தலைகீழா திருப்பி வெக்கும். டீலரோட மறைவு சீட்டு தெரியுறதுக்கு மட்டும் மதிப்பு சுமார் 10 சதவீதம். பத்து! மத்த எந்த விதியும் இதுகிட்ட வராது. அத எப்படி திரும்பப் புடுங்குறாங்கன்னா, சமமா வந்தா டீலருக்கு ஜெயம். சாதா ஆட்டத்துல நூத்துக்கு எட்டு ஒம்பது கை சமமா முடியும், அது அத்தனையும் போச்சு. மேல பிளாக்ஜாக்குக்கு சமபணம், அது இன்னொரு 2.3. கடைசில மிச்சம் கேசினோ பக்கம் ஒரு சதவீதத்துக்குள்ள ஏதோ ஒரு துண்டு.

இதுல டீலர் 20 காட்டுறார், உங்க கைலயும் 20ன்னு வைங்க. நின்னா கண்டிப்பா தோல்வி, கண்ணுக்கு முன்னாடி தெரியுது. அதனால 20 வெச்சுக்கிட்டு இன்னொரு சீட்டு கேக்கணும், ஏஸ் மட்டும்தான் காப்பாத்தும், 13ல ஒரு வாய்ப்பு. இத ப்ரோக்ராம்ல போடும்போதே கை நடுங்குச்சு, டேபிள்ல போய் 20க்கு ஹிட்டுன்னு தட்டினா பக்கத்துல இருக்கறவன் நம்மள பாக்குற பார்வைய நெனச்சுப் பாருங்க. மறுபக்கம் டீலர் கைல 15 தெரியுதுன்னா பத்து ஜோடியக்கூட பிரிக்கணும், சாதா ஆட்டத்துல பத்த பிரிக்கிறவன பைத்தியம்னுதான் சொல்வாங்க.

எண்றதுன்னு பாத்தா இங்க கலவையா வருது. இன்சூரன்ஸ்ங்கற பேச்சே இல்ல, சீட்டுதான் தெரியுதே. பிளாக்ஜாக் வாய்க்கால் காலி. பத்து நிறைய இருந்தா 20க்கு 20 மோதுறதும் ஜாஸ்தியாகும், அது தோல்வி. ஆனா டீலர் 12லேர்ந்து 16 வரைக்கும் மாட்டினது கண்ணுக்கே தெரியுறதால, கவுண்ட் ஏறின நேரத்துல அங்க டபுளும் ஸ்ப்ளிட்டும் செம்மையா பாயும். அந்த ஒரு வாய்க்கால் மட்டும் ஆறு மாதிரி ஓடும். அதனால இதுல எண்றது பந்தயம் ஏத்துறதுக்கு மட்டும் இல்ல, சீட்டு எப்படி ஆடுறதுங்கறதுக்கும் சேத்துதான் உதவும், அந்த 20 மேல 20 கதைக்கு ஏஸ் எத்தனை போச்சுன்னு தனியா வேற வெச்சுக்கணும். முடியும்தான். என் மண்டைக்கு ஒரு எண்ணே ஜாஸ்தி, அதனால நான் வரல.

சூப்பர் ஃபன் 21ன்னு ஒண்ணு. ஒரே கட்டு, எப்ப வேணா சரண்டர், ஆறு சீட்டு எடுத்து 20 தாண்டாம இருந்தாலே ஜெயம், அடடான்னு ஓடி வர வெக்கிற மாதிரி விதிகள். பிளாக்ஜாக்குக்கு சமபணம், ஆனா ரெண்டும் டைமனா இருந்தா 2க்கு 1ன்னு பெருசா போட்டிருப்பாங்க. டைமன் ஏஸோட டைமன் பத்து இல்ல படம் சேரணும், பிளாக்ஜாக் விழுற 64 ஜோடில அது நாலே நாலு, பதினாறுல ஒண்ணு. சராசரி எடுத்தா ஒரு பிளாக்ஜாக்குக்கு 1.0625 பங்கு. 1.5 எங்க 1.06 எங்க. ஒரே கட்டுன்னா எண்றவனுக்கு நாக்குல எச்சி ஊறும், அந்த எச்சிக்குத்தான் இந்த ஆட்டம்.

ஆனா இதெல்லாத்தையும் விட மோசமானது வினோதமாவே தெரியாது. பேரு பிளாக்ஜாக்தான், விதியெல்லாம் அதேதான், டேபிள் துணில மட்டும் 3க்கு 2ங்கற இடத்துல 6க்கு 5ன்னு எழுதியிருக்கும். பாத்தா 6:5 பெரிய நம்பர் மாதிரி இருக்கும் பாருங்க, நல்லதுன்னு நெனச்சு உக்காந்தவங்கள எனக்கே தெரியும். 1.5க்கு பதில் 1.2. டீலருக்கும் சேந்து விழுறத கழிச்சா நூறு கைல நாலரை தடவை நமக்கு பிளாக்ஜாக், ஒவ்வொண்ணுலயும் 0.3 போச்சு, கிட்டத்தட்ட 1.4 சதவீதம். ஆறு கட்டு ஆட்டத்துல மொத்த எட்ஜ் ரெண்டு கிட்ட போயிடும், ட்ரூ கவுண்டுக்கு அரை அரையா ஏறினா சமமாகவே 4 வேணும், அதுவும் பிளாக்ஜாக் வாய்க்கால் சுருங்கிட்டதால அந்த அரை கூட முழுசா வராது. 4ங்கறது ஆறு கட்டு ஷூல எப்பவாவது எட்டிப் பாக்குற விருந்தாளி.

இதுல ஒரு வரலாறு இருக்கு. தார்ப் புத்தகம் வந்து பரபரப்பானதும் 1964 ஏப்ரல் 1ம் தேதி லாஸ் வேகாஸ் கேசினோக்காரங்க சேந்து விதிய மாத்துனாங்க, டபுள் 11க்கு மட்டும்தான், ஏஸ் ஜோடிய பிரிக்கக்கூடாதுன்னு. எண்ணத் தெரியாத சாதாரண ஆளுங்க கடுப்பாகி ஆடவே வரல, சில வாரத்துலயே பழையபடி மாத்திட்டாங்க. ஏப்ரல் 1ங்கறது தற்செயலா என்னன்னு தெரியல. ஒரு விதிய வெளிப்படையா புடுங்கினா கூட்டம் கோவிச்சுக்கும்னு அப்ப தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு வர்ற வினோத ஆட்டம் ஒவ்வொண்ணும் அந்த 1964 வேலையத்தான் சிரிச்ச முகத்தோட செய்யுதுன்னு நான் நெனக்கிறேன், ஒரு கைல மிட்டாய் குடுத்துட்டு இன்னொரு கையால 3க்கு 2ஐ எடுத்துக்கறது.

இப்ப தலைகீழ் கதை ஒண்ணு, வினோத விதியே கேசினோவ கடிச்சது. ஓவர் அண்டர் 13ன்னு ஒரு சைடு பெட், அதாவது மெயின் ஆட்டத்தோட தனியா வைக்கிற பந்தயம், இருந்துச்சு. உங்க முதல் ரெண்டு சீட்டோட கூட்டுத்தொகை 13க்கு மேலயா கீழயா, சொல்லி பந்தயம் வைக்கணும், சரியா 13 வந்தா ரெண்டுமே தோல்வி, ஏஸுக்கு ஒண்ணு மட்டும்தான் மதிப்பு. பேப்பர்ல போட்டுப் பாருங்க, 13 வகை சீட்டுக்கு 13 வகைன்னு 169 ஜோடி, அதுல 79 மேல, 76 கீழ, 14 சரியா 13. ஓவர்ல வெச்சா கேசினோவுக்கு ஆறரை சதவீதம், அண்டர்ல வெச்சா பத்து. பாத்தா கொள்ளை, புத்தி உள்ளவன் தொட மாட்டான். ஆனா மட்டம் வேற ஏற்ற இறக்கம் வேறன்னு சொன்னேன்ல, இது அதுக்கு சரியான உதாரணம். இங்க வாய்க்கால் கணக்கே இல்ல, டீலர் எப்படி ஆடுறார் நான் எப்படி ஆடுறேன் எதுவும் வேண்டாம், ரெண்டே சீட்டு, கட்டுல பெருசு ஜாஸ்தியா சிறுசு ஜாஸ்தியா அவ்ளோதான் கேள்வி. எண்றவனுக்கு இதவிட நேரான பந்தயம் கிடையாது. ஆனா ஹை-லோ இதுக்கு உதவாது, ஏன்னா ஹை-லோவுல ஏஸ் பெரிய சீட்டு, இங்க ஏஸ்தான் இருக்கறதுலயே சின்னது. அதனால ஏஸ், 2, 3, 4 போனா கூட்டு, பத்தும் படமும் போனா கழி, ரெண்டு பக்கமும் 16, அழகா சமன் ஆகுது. இத வெச்சு எண்ணினா மேல போனா ஓவர், ரொம்ப கீழ போனா அண்டர்னு ரெண்டு பக்கமும் லாபம் எடுக்கலாம். சாதா பிளாக்ஜாக்ல கவுண்ட் கீழ போனா ஓரமா உக்காந்து கொட்டாவி விடறதுதான் வழி.

சைடு பெட்டுல எண்றத ஒரு துறையாவே எடுத்து எலியட் ஜேக்கப்சன் மாதிரி ஆளுங்க அலசியிருக்காங்க. இன்சூரன்ஸும் யோசிச்சா ஒரு சைடு பெட்தானே, ஆறு கட்டுல 311 மிச்ச சீட்டுல 96 பத்து, சும்மா எடுத்தா ஏழு சதவீதத்துக்கு மேல நஷ்டம், எண்ணி எடுத்தா லாபம். அறுபது வருஷமா கண்ணுக்கு முன்னாடி இருக்குற முதல் உதாரணம் அது.

இவ்ளோ பேசிட்டு ஒரு கசப்பான கணக்கு சொல்லாம விட்டா ஏமாத்துற மாதிரி. பிளாக்ஜாக்ல ஒரு கையோட முடிவு சராசரிலேர்ந்து மேலயும் கீழயும் ஊசலாடுற அளவு, அதான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், சுமார் 1.15 பந்தயம். நமக்கு சராசரி ஒரு சதவீதம் சாதகம்னே வைங்க, அதுவே தாராளம். நம்ம எதிர்பார்க்குற லாபம் அந்த அதிர்ஷ்ட ஊசலாட்டத்துக்கு சமமா வளரவே 1.15ஐ 0.01ஆல வகுத்து வர்க்கம் எடுக்கணும், 13,000 கைக்கு மேல. மணிக்கு 80 கைன்னா 165 மணி நேரம். அவ்ளோ ஆடினப்புறமும் நஷ்டத்துல நிக்க ஆறுல ஒரு வாய்ப்பு இருக்கு. இப்போ வினோத ஆட்டத்துல ஏதோ ஒரு வாய்க்கால் அடைஞ்சு சாதகம் அரை சதவீதம் ஆகுதுன்னா ரெட்டை நேரம் இல்ல, நாலு மடங்கு. 660 மணி நேரம். "எண்ணி ஜெயிக்க முடியுமா"ன்னு கேட்டா பேப்பர்ல நிறைய ஆட்டத்துக்கு முடியும்னு வரும், அந்த முடியும்க்கு உள்ள இவ்ளோ மணி நேரம் ஒளிஞ்சிருக்கு. ஸ்விட்ச் பத்தி நான் ஃப்ரெண்டுகிட்ட வேண்டாம்னு சொன்னதுக்கு இதுதான் காரணம், முடியவே முடியாதுன்னு இல்ல.

ஃபோன்ல இருக்குற ஆப்ல எண்ணலாமான்னு யாராவது கேப்பீங்க, ஒவ்வொரு கைக்கும் புதுசா கலைக்கிற சாஃப்ட்வேர்ல எண்றதுக்கு ஒண்ணுமே இல்ல.

எல்லாத்தையும் ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜா அவனுக்கு அனுப்பினேன். ஸ்விட்ச் வேண்டாம், 6க்கு 5 பக்கமே போகாத, ஸ்பானிஷ் 21ல டீலர் சாஃப்ட் 17ல நிக்கிற டேபிளா பாரு, கழித்தல் 24லேர்ந்து எண்ணு, ஷூவுல எவ்ளோ ஆழம் வரைக்கும் போறாங்கன்னு ஒரு மணி நேரம் சும்மா நின்னு வேடிக்கை பாருன்னு. போன வாரம் போயிருக்கான். அங்கேந்தே மெசேஜ் வந்துச்சு:

"ஸ்பானிஷ் டேபிள் கிடைச்சுடுச்சு மச்சான், சாஃப்ட் 17ல நிக்கிறாரு, எல்லாம் நீ சொன்ன மாதிரியே இருக்கு. ஒரே ஒரு டவுட்டு, ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் டீலர் போன சீட்டெல்லாம் திரும்ப எடுத்து ஒரு கறுப்பு டப்பாவுக்குள்ள சொருகுறாரு, அது உள்ள ஏதோ சுத்துற மாதிரி சத்தம் கேக்குது, அது என்னடா?"